கவிழ்ந்த உள்ளங்கை

சவரிநாதன் வாய் நிறையக் கஞ்சியை வைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல ஆட்டினான்.

பிலோமி குண்டானைச் சாய்த்து இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அவன் முஷ்டியை மூடினான். அவள் நிறுத்தினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டுப் பந்தி இப்படித்தான். சவரி துறைமுகத்தில், சுமை தூக்கி இறக்கும் விஞ்ச்சு ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று விஞ்ச்சுக்காரனுக்குத் தெரியாது. கப்பல் தளத்தில் திறந்திருக்கும் ஹாச்சு வாயின் ஓரத்தில் நிற்பவனுடைய கையை மட்டும் பார்ப்பான். கட்டைவிரல் நிமிர்ந்தால் 'ஹபேஸ்', தூக்கு. உள்ளங்கை கவிழ்ந்து ஆடினால் 'ஆரியா', இறக்கு. மூடிய முஷ்டி என்றால் நில்.

"யோசிச்சிகினு குந்தியிருந்தா உள்ள கீறவன் காலி" என்பான் சவரி. "கை சொன்னா செய்யணும். அவ்ளோதான் வேல."

அந்தப் பழக்கம் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது.

"உப்பு கம்மியா கீதுமே" என்றான் இப்போது.

"கொண்டாந்த உப்பு தீந்துபோச்சி. எதிர்லதான் அம்மாம் பெரிய கடல் கீது. போய் மொண்டுகினு வா."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. பிலோமி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த இருமலுக்காகத்தான் காட்டுப்பள்ளிக்கே வந்திருந்தார்கள்.

கந்தகம் இறக்கி இறக்கி நெஞ்சு கெட்டுப்போயிருக்கிறது, ஒரு வாரமாவது நல்ல காற்றில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் வேறு. ராயபுரத்துக்காரர்களுக்கு எண்ணூர் வரைக்கும் ரயில், முகத்துவாரக்குப்பத்தில் படகு, அக்கரையில் காட்டுப்பள்ளி. அங்கே தூரத்து உறவுக்காரர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் ஓலை வேய்ந்த காவல் வீடு காலியாகக் கிடந்தது. மாமியார் சிலுவையம்மாள் அதைக் கேட்டு வாங்கினாள். கூடவே, வரமாட்டேன் என்ற சின்ன மகன் யேசுதாஸையும் அழுது, திட்டி, சோறு தின்னாமல் படுத்து இழுத்து வந்துவிட்டாள்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நடந்தது ஊருக்கே தெரியும். யேசுதாஸுக்கும் தேவப்பிரியத்துக்கும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். 'இவர்களுக்குக் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிப்பது ஒரு சடங்கு. யாரும் வாய் திறப்பதில்லை. சவரி எழுந்து நின்றான்.

"தடை கீது சாமி. பிலோமி தங்கச்சியத்தான் இவனுக்குக் கட்டணும்னு எங்கப்பா சாவசொல்ல வாக்கு குட்துட்டுப் போனாரு."

அது தடையே ஆகாது என்று சாமியார் சொன்னார். ஆனால் பெண்ணின் அப்பா ஆசீர்வாதம் அதற்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுக்கோயில் வழியாக வெளியே போய்விட்டார். சம்பந்தம் அன்றோடு முறிந்தது. பிலோமியின் தங்கையோ மறுமாதமே அரக்கோணத்து ரயில்வேக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அன்று எழுந்து நிற்கச் சொல்லி பிலோமி புருஷனைத் தூண்டவில்லை. சட்டையைப் பிடித்து உட்கார வைக்கவும் இல்லை.

இதில் வேடிக்கை, இருவரும் ஒரே கேங்கில் வேலை. சவரி விஞ்ச்சில். ஹாச்சு வாயில் நின்று கை காட்டுகிறவன் யேசுதாஸ். ஐந்து மாதமாக அவர்கள் நடுவே இருந்த ஒரே பேச்சு அந்தக் கைதான். தூக்கு, இறக்கு, நில்.

வரும்போது படகுக்கார லோகநாதன் கேட்டே விட்டான். "இன்னா மாமு, ஆளுக்கொரு தெசைய பார்த்துகினு குந்தியிருக்கீங்க. படகு எந்தப் பக்கம் போவணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கப்பா." இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

இந்தப் பயணம் முடிந்ததும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்விடப் போவதாக யேசுதாஸ் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அவள் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரே ஒரு தபா அவன அண்ணான்னு கூப்டு. அப்பால நீ எங்க வோணா போ."

அந்த ஒரு சொல்லுக்காக சிலுவையம்மாள் காத்திருந்தாள். பிலோமியும் காத்திருந்தாள். ஒரே வாசலில் ஐந்து மாதம் விலகி விலகி நடந்து அவளுக்கு அலுத்துவிட்டது.

அன்று காலை சிலுவையம்மாள்தான் மூவரையும் விரட்டினாள். "பெரிய மேட்டுக்குப் போய்ட்டு வாங்க. மேல நல்ல காத்து வரும். எனுக்கு முட்டி வலி, நான் வரல. திரும்பி வரசொல்ல உங்க மூணு பேர் பேச்சும் இங்க கேக்கணும்."

"மூணுன்னா ஒண்ணு கொறையுமே யம்மா" என்றான் சவரி.

யேசுதாஸ் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

காட்டுப்பள்ளியில் மலை ஏது? கடல் காற்று காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் மலை. அதில் எல்லாவற்றையும்விட உயரமானதைப் பெரிய மேடு என்பார்கள். அடிவாரத்தில் சவுக்கும் தாழையும். ஏற ஏற மரம் குறைந்து அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மட்டும். அந்தப் புல்லின் முள் உருண்டைகள் உதிர்ந்து, காற்றுக்கு முன்னால் மணலில் தத்தித் தத்தி ஓடும். மற்றபடி ஒரு ஓசை இல்லை.

ராயபுரத்தில் பிறந்தவர்களுக்கு அமைதி பழக்கமில்லாத சாமான். கிரேன் சத்தமும் ரயில் கூவலும் இல்லாத இடத்தில் பிலோமிக்குத் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது. அதைவிடப் பெரிதாகப் புருஷனின் மூச்சு.

"மெதுவா போவச் சொல்லுமே அவன" என்றான் சவரி, இடுப்பில் கையை ஊன்றி நின்று.

"தம்பி, அண்ணன் மெதுவா போவச் சொல்றாரு."

"மணலு சுடுது அண்ணி" என்றான் யேசுதாஸ் திரும்பாமலே. "மெதுவா வர்றவங்களுக்குக் காலு வேவட்டும்."

"இன்னா சொல்றான்?"

"ஏன், உனுக்குக் காது கேக்கலியா?"

"கேட்டுச்சி. என்னாண்ட சொன்னானா, உன்னாண்ட சொன்னானா?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா தபால் பெட்டியா?" என்றாள் பிலோமி. "எனுக்கும் மூச்சு வாங்குது. பேசறதுன்னா நேரா பேசிக்குங்க."

யேசுதாஸ் கூடையைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினான்.

உச்சியில் ஒரு முந்திரிப் புதர். அதன் அரை நிழலில் பிலோமி துணியை விரித்தாள். கிழக்கே கடல். மேற்கே மேட்டின் மறு சரிவு, அதன் அடியில் கழிமுகத்தின் தண்ணீர். தெற்கே வெகு தூரத்தில் அனல்மின் நிலையத்துக்குக் கட்டிக்கொண்டிருந்த புகைபோக்கி, சாரத்தோடு பாதியில் நின்றது.

சவரி மூச்சைத் திரட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முகம் நல்ல தெளிவாக இருந்தது. காற்று உண்மையிலேயே வேலை செய்கிறது என்று பிலோமி நினைத்தாள். அந்தத் தெளிவில்தான் அவன் வாயைத் திறந்தான்.

"ஆசீர்வாதம் அந்தப் பொண்ணுக்கு இன்னும் எடம் பார்க்கலியாம். ஊருக்குப் போனதும் நானே போய் அவராண்ட பேசறேன். தப்பு எம்மேலன்னு சொல்றேன்."

கூடையைப் பிரித்துக்கொண்டிருந்த பிலோமிக்குக் கை நின்றுவிட்டது. ஐந்து மாதத்தில் அவன் 'தப்பு' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

யேசுதாஸ் எழுந்தான். "அண்ணி, கோயில்ல எழுந்து நின்ன வாய இன்னொரு தபா தொறக்க வோணாம்னு சொல்லுங்க. எம்பொழப்ப ஊரு சிரிக்க வெச்சாச்சி. இப்ப காத்து வாங்கினு சாவகாசமா சரி பண்றாரா?"

"தம்பி, அவரு எறங்கி வர்றாரு இல்ல?"

"எறங்கட்டும். நல்லா எறங்கட்டும். செத்தா கூட அந்த ஆளாண்ட பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு மேற்குப் பக்க விளிம்புக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

சவரி மணலை அள்ளி விரல் இடுக்கில் ஒழுகவிட்டான். "உட்டுடுமே" என்றான் பிலோமியிடம். "அவன் பக்கம் நாயம் கீது."

தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கடலிலிருந்து அடித்த காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு மேற்குச் சரிவில் ஓடியது. கீழே ஒரு தாழம்புதர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

"வேற துண்டு கீது, வுடு" என்றாள் பிலோமி.

"புதுசுமே அது." சின்னப் பையன் மாதிரி சறுக்கிக்கொண்டே இறங்கிப் போனான்.

மேலே இருந்து பார்த்தால் அந்தச் சரிவு மற்றச் சரிவுகளைப் போலத்தான் இருந்தது. அதன் அடிவயிற்றை வெட்டி எடுத்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. எங்கெங்கோ எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்காகப் படகு படகாக மணல் போயிருந்தது. புல் வேர்தான் மேல்பரப்பைப் பிடித்து வைத்திருந்தது. கீழே குகை போலக் குடைந்து கிடந்தது.

சவரி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அப்போதுதான் யேசுதாஸின் முதுகு விறைத்ததை பிலோமி பார்த்தாள்.

அவனுக்கும் அண்ணனுக்கும் நடுவில், மணலில் ஒரு கோடு. புல் வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்து கோடு அகலமானது. கோட்டுக்குக் கீழே சவரி. மேலே ஏறி வந்தால் தாண்டிவிடலாம்.

யேசுதாஸின் வலது கை உயர்ந்தது. உள்ளங்கை கவிழ்ந்து, வேகமாக ஆடியது.

சவரி நிமிர்ந்து பார்த்தான். தம்பியின் முகத்தை அல்ல, கையைத்தான் பார்த்தான். அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதுதான் அவன் வேலை. இரண்டு எட்டு கீழே இறங்கினான்.

சத்தமே இல்லாமல் மேடு நகர்ந்தது. ஒரு நீண்ட பெருமூச்சு போலத்தான் கேட்டது. புழுதி அடங்கியபோது தாழம்புதர் இல்லை. சவரி இல்லை.

"அண்ணா."

யேசுதாஸின் குரல்தான். உருண்டும் விழுந்தும் சரிவில் ஓடினான். கையால் மணலை வாரி வாரி எறிந்தான். "அண்ணா. அண்ணா. அண்ணா." எறிந்த மணல் திரும்பத் திரும்பக் குழிக்குள் வழிந்தது. பிலோமி பக்கத்தில் விழுந்து தானும் தோண்டினாள்.

கழிமுகத்தில் வலை வீசிக்கொண்டிருந்த லோகநாதன் மேடு சரிந்ததைப் பார்த்துவிட்டு ஆட்களோடு துடுப்பும் பலகையுமாக ஓடிவந்தான். அவர்களுக்கு மணலைத் தெரியும். பலகையை அண்டக் கொடுத்துத் தோண்டினார்கள். முதலில் துண்டு வந்தது. கடைசியில் அவன் வந்தான். முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை.

லோகநாதன் தலைப்பாகையை அவிழ்த்தான். "படகு எந்தப் பக்கம் போவணும்னு கேட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்படியே மணலில் குந்திவிட்டான்.

காவல் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் சவரியைக் கிடத்தினார்கள். சிலுவையம்மாள் மகனின் காதிலிருந்து மணலைப் புடவை முனையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு துடைத்தாலும் இன்னும் கொஞ்சம் வந்தது.

வெயில் சாயும்போது கிராம முன்சீப் வந்தார். தணிந்த குரலில் பேசினார்.

"காலையில போலீஸ்காரங்க வருவாங்கம்மா. உங்களைத்தான் கேட்பாங்க. கூட இருந்து பார்த்தது நீங்க ரெண்டு பேருதான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னா போதும்."

அவர் போனபிறகு பிலோமி முதல் முறையாக வாயைத் திறந்தாள். கொழுந்தன் தூணில் சாய்ந்து கிடந்தான். விரல் நகங்கள் பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது.

"ஏன் கீழ எறங்கச் சொன்ன?"

யேசுதாஸுக்குப் புரியவில்லை. "இன்னா அண்ணி?"

"கை காட்னியே. ஆரியான்னு காட்னியே. நான் பார்த்தேன்."

"அய்யோ அண்ணி, வான்னு கூப்ட்டேன். மேல வான்னு கூப்ட்டேன்."

"வாய் இன்னாத்துக்குடா கீது உனுக்கு?" அவள் குரல் உயரவே இல்லை. "கடல்லேர்ந்து அந்தப் பக்கந்தான் காத்து அடிச்சிகினு இருந்துச்சி. நீ மெதுவா கூப்ட்டிருந்தா கூட அவருக்குக் கேட்டிருக்கும்."

"வர்ல அண்ணி." அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். "தொறந்தேன். வர்ல. கைதான் போச்சி."

"புதைஞ்ச அப்பறம் வந்துச்சே."

"மாதாவே" என்றாள் சிலுவையம்மாள். "அவன ஏம்மே கொல்ற? அதான் வான்னு கூப்ட்டேங்கறான்ல."

"செத்தா கூட பேச மாட்டேன்னு சொன்னான் அத்த. சொல்லி வாய் மூடல. அதுக்குள்ள காட்றான். நல்லா எறங்கட்டும்னும் சொன்னான். அதையும் கேளுங்க."

சிலுவையம்மாள் சின்ன மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை.

பிலோமி எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள்.

"காட்டு."

"இன்னாத்த?"

"எப்டி காட்னியோ அப்டி. இன்னொரு தபா காட்டு."

"வோணாம் அண்ணி."

"காலைல என்னத்தான் கேப்பாங்க. நான் பார்த்தத சரியா சொல்லணும். காட்டு."

யேசுதாஸ் அம்மாவைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். வலது கையைத் தூக்கினான். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மேலும் கீழுமாக ஆட்டினான்.

சிலுவையம்மாள் சட்டென்று மூச்சு விட்டாள். தெருவில் குழந்தையைக் கூப்பிடுவதும், வழியில் தெரிந்தவரை நிறுத்துவதும் இப்படித்தானே. "பார்த்துக்கோ. வான்னுதானே கூப்பிடறான். கண்ணு தெரியாதவளுக்குக் கூட தெரியும் இது."

பிலோமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் ராயபுரத்துத் தெருவில் அப்படித்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் அவளுக்கு இப்போது தெரிந்தது தட்டும், குண்டானும், வாய் நிறையக் கஞ்சியோடு ஒரு முகமும்தான். அவளையறியாமல் அவளுடைய கை கரண்டியைச் சாய்ப்பது போல லேசாகச் சாய்ந்தது.

"ஆண்டவர் மேல ஆணையா அண்ணி" என்றான் யேசுதாஸ். கை இன்னும் இறங்கவில்லை. "காலைல நீங்க இன்னா சொல்லப்போறீங்க?"

அவள் உள்ளே போனாள். காலையில் வைத்த குண்டான் அடுப்பு ஓரத்தில் அப்படியே இருந்தது. அடியில் கொஞ்சம் கஞ்சி.

அதே நேரத்தில் துறைமுகத்தில் அடுத்த ஷிப்ட் தொடங்கியிருந்தது. ஏதோ ஒரு கப்பலின் ஹாச்சு வாயில் ஏதோ ஒருவன் நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினான். சுமை கீழே இறங்கியது.